ஊர் வீட்டை இடிக்குமுன் மாவள் பக்கம் ஒரு நடை

(நமது புனே நிருபர்)

புனேயில் உத்தியோகம் பார்க்கும் தமிழர்களில், சர்வீஸ் முடிய இரண்டு மூன்று வருஷம் பாக்கியுள்ளவர்களிடம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். பேச்சு எதில் ஆரம்பித்தாலும் ஊரில் கட்டப் போகும் வீட்டில் வந்துதான் நிற்கும். பி.எப். பணம் இவ்வளவு வரும், கிராஜுவிட்டி இவ்வளவு வரும், பழைய ஓட்டு வீட்டை இடித்துத் தள்ளிவிட்டு மொட்டை மாடியோடு ஒரு வீடு. திட்டம் எல்லோருக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். பழைய ஓடும் உத்தரமும் என்ன ஆகும் என்று கேட்டால், "எவனாவது வந்து அள்ளிக்கொண்டு போவான் சார்" என்று பதில் வரும்.

தாடிவாலா ரோட்டிலும் தேஹூ ரோட்டிலும் 'பத்ரா' என்கிற தகரக் கூரைக்குக் கீழே முப்பது வருஷம் வெந்தவர்கள் கான்கிரீட் மீது ஆசை வைப்பதைக் குறை சொல்ல முடியாது. தகரம் நண்பகலில் கொதிக்கும், மழையில் காது செவிடுபடச் சத்தம் போடும். கான்கிரீட் அப்படியல்ல என்பது வாஸ்தவம். ஆனால் அதற்கும் ஒரு குணம் உண்டு. பகலெல்லாம் வெயிலைக் குடித்த ஸ்லாப், இரவு பத்து மணிக்கு மேல்தான் அதைக் கக்கத் தொடங்கும். சித்திரை வைகாசியில் ஊருக்குப் போய்ப் புது வீட்டில் தூங்க முடியாமல் பாயைச் சுருட்டிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போனவர்கள் நம்மில் எத்தனை பேர்!

வீடு கட்டும் விஷயத்தில் நம் பாட்டனார்கள் அறிந்திருந்த பல சங்கதிகளை இந்தப் பக்கத்துக் குடியானவர்களும் அறிந்திருந்தார்கள். நம் ஊரில் மறைந்துபோன சில வழக்கங்களை இங்கே இன்னும் கண்ணால் பார்க்கலாம். அதிக தூரம் போக வேண்டாம். லோனாவளா லோக்கலில் காம்ஷேத் வரை போனால் போதும். ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலான பயணம்.

கூரை சொல்லும் மழைக் கணக்கு

ரயிலில் போகிறவர்கள் ஜன்னல் வழியே கூரைகளைக் கவனித்துக்கொண்டு போனால் ஒரு வேடிக்கை தெரியும். லோனாவளாவில் வருஷத்துக்கு 4 ஆயிரம் மில்லிமீட்டருக்கு மேல் மழை. அங்கிருந்து 64 கிலோமீட்டரில் இருக்கும் புனேயில் ஏறக்குறைய 700 மில்லிமீட்டர்தான். தௌண்டு தாண்டி சோலாப்பூர்ப் பாதையில் போனால் அதற்கும் குறைவு. ஆகவே மேற்கே மாவள் தாலுகாவில் பழைய வீடுகளின் கூரை செங்குத்தாகச் சரிந்து, சுவரை மூடிக்கொண்டு கீழே தொங்கும். புனே வரவரச் சரிவு குறையும். தௌண்டுக்குக் கிழக்கே பழைய கிராமங்களில் கூரையே தட்டையாகிவிடும். மரத்தின் மேல் பலகை, பலகையின் மேல் மண் கெட்டித்த கூரை அது. மழை குறைந்த சீமையில் மண்கூரை தாக்குப் பிடிக்கும், தானியமும் மிளகாயும் காயப்போடவும் இடமாகும்.

ஒரே ஜில்லாவுக்குள் மழைக்குத் தக்கபடி கூரை மாறிய காலம் இது. இன்று லோனாவளாவிலும் அதே ஸ்லாப், சோலாப்பூரிலும் அதே ஸ்லாப், நம் சாத்தூரிலும் அதே ஸ்லாப். இதில் எங்கள் இலாகாவுக்கும் பங்கு உண்டு என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். 1858-ல் புனேக்கு ரயில் வந்தது. எட்டாத தூரத்துச் சரக்கெல்லாம் கூட்ஸ் ஷெட்டில் வந்து இறங்க ஆரம்பித்த பிறகு, பக்கத்து மலையில் கிடைப்பதைத் தேடிப் போக வேண்டிய அவசியம் குறைந்துவிட்டது.

குறிஞ்சிக்கு உறவுமுறை

காம்ஷேத்தில் இறங்கி வயல் வழியே மேற்கே நடந்தால், சிமெண்ட் வீடுகளுக்கு நடுவில் இரண்டொரு பழைய வீடுகள் இன்னும் கண்ணில் படும். நான் பார்த்த வீடு ஒன்றின் அமைப்பைச் சொல்கிறேன். கீழே முழங்கால் உயரத்துக்குக் கருங்கல் மேடை. முன்னால் 'ஓசரி' என்று ஒரு தாழ்வாரம். நம் திண்ணைதான் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதைத் தாண்டி நடுக்கட்டு, பின்னால் சமையலறை, ஒரு பக்கம் மாடு கட்டும் 'கோட்டா'. தலைக்கு மேலே 'மாளா' என்கிற பரண். அதில் வைக்கோலும் விதை நெல்லும் சாமான்களும். இந்தப் பரண் சாமான் வைக்க மட்டும் என்று நினைத்திருந்தேன். வீட்டுக்காரப் பெரியவர் சிரித்துவிட்டார். கூரையின் சூட்டை வைக்கோல் வாங்கிக்கொள்ளும், கீழே இருப்பவனுக்கு எட்டாது என்றார். அடுப்புப் புகை மேலே ஏறி மூங்கிலில் பூச்சி அரிக்காமல் காக்குமாம். காஸ் சிலிண்டர் வந்த பிறகு மூங்கில் முன்போல நிற்பதில்லை என்று அவருக்கு ஒரு குறை.

உள் சுவர்களைத் தட்டிப் பார்த்தேன். செங்கல்லும் இல்லை, கல்லும் இல்லை. குச்சிகளை நெருக்கமாக நிறுத்திக் கட்டி, இரண்டு பக்கமும் மண்ணும் சாணியும் பூசிய தட்டிச் சுவர். அந்தக் குச்சிக்குக் 'கார்வி' என்று பெயர். சஹ்யாத்ரி மலைச்சரிவில் புதராக வளரும் செடி. எட்டு வருஷத்துக்கு ஒரு முறை மலை முழுவதும் ஊதாவாகப் பூத்து, விதை உதிர்த்துவிட்டுப் பட்டுப்போகும். இதைக் கேட்டதும் கோடைக்கானல் பக்கத்து அன்பர்களுக்கு ஞாபகம் வந்திருக்கும். ஆம், பன்னிரண்டு வருஷத்துக்கு ஒரு முறை பூக்கும் நம் குறிஞ்சியும் இதுவும் ஒரே குடும்பம். நாம் பாட்டில் வைத்த குலத்தை மாவள்காரர்கள் சுவரில் வைத்தார்கள்! பூத்து மடிந்த செடியின் தண்டு காய்ந்து கெட்டியாகக் கிடைக்கும். மலை அதுவாகவே தரும் சட்டம். வெட்டியதால் குறைவதில்லை, அடுத்த தலைமுறை விதையிலிருந்து முளைத்துவிடும்.

வெளிச்சுவருக்கு மழைக்காலத்தில் தனிப் பாதுகாப்பு. ஆனி பிறக்குமுன் மேற்குப் பக்கம் முழுவதும் வைக்கோல் தட்டி கட்டிவிடுவார்கள். சாரல் தட்டியில் அடிக்கும், சுவர் நனையாது. தீபாவளிக்குத் தட்டியைப் பிரித்து மாட்டுக்குப் படுக்கையாகப் போட்டுவிடலாம். எருக்குழிக்குப் போய் அடுத்த வருஷம் வயலுக்கு வரும்.

இங்கேதான் விவசாயம் வீட்டுக்குள் வருகிறது. மாவளின் பழைய நெல் ஆம்பேமோஹர். மாம்பூ வாசனை என்று பெயரிலேயே இருக்கிறது. அதிலிருந்து வட்காவ் மாவள் ஆராய்ச்சி நிலையத்தில் உருவாக்கி 1987-ல் வெளியிட்ட இந்திராயணி நெல்தான் இன்று புனே மார்க்கெட்டில் அதிகம். நாற்றங்கால் போடுமுன் நிலத்தில் சருகும் சுள்ளியும் சாணியும் பரப்பிக் கொளுத்தும் 'ராப்' என்கிற வழக்கம் இங்கே உண்டு. ஆகவே ஒரு குடியானவன் வீட்டுச் சாணிக்கும் வைக்கோலுக்கும் எத்தனை வேலை பாருங்கள்: மாட்டுக்குத் தீனி, கூரைக்கு, தட்டிக்கு, தரை மெழுக, ராப் போட, எருவுக்கு. எதையும் விலைக்கு வாங்கியதில்லை. எதையும் குப்பை என்று எறிந்ததும் இல்லை. போளா அன்று மாட்டுக்குக் கொம்பில் வர்ணம் பூசி, ஜரிகை கட்டி, போளி ஊட்டிக் கும்பிடுகிறார்களே, நம் மாட்டுப் பொங்கல் போல, அது வயல் உழுததற்கு மட்டும் செய்யும் மரியாதை அல்ல. தரையும் சுவரும் அந்த மாடு கொடுத்தது.

மூலையில் ஆள் உயரத்துக்கு ஒரு மூங்கில் கூடை, உள்ளும் புறமும் சாணி மெழுகியது. 'கணகீ' என்றார்கள். பார்த்த மாத்திரத்தில் நம் ஊர்க் குதிர்தான்! கிழக்குப் பக்கத்துக் கிராமங்களில் சோளத்தைத் தரைக்கு அடியில் 'பேவ்' என்கிற குழி வெட்டி வைப்பதுண்டு. நாம் கூட நிலத்தில் பத்தாயம் போலக் குழி வைத்திருந்தோம் என்று விழுப்புரத்துக்கார நண்பர் ஒருவர் சொன்னார்.

கறுப்பும் வெள்ளையும்

மராத்தியக் கிராமங்களில் இரண்டு வார்த்தைகள் ஜோடியாக வரும். 'காளி' என்றால் விளைநிலம். 'பாண்டரி' என்றால் ஜனங்கள் குடியிருக்கும் ஊர்நத்தம். கறுத்தது, வெளுத்தது என்றுதான் நேர் அர்த்தம். கறுப்பு மண் பயிருக்கு, வெள்ளை மண் வீட்டுக்கு என்று முன்னோர்கள் பிரித்து வைத்தார்கள். காரணம் எளிது. தக்காணத்துக் கரிசல், தண்ணீர் பட்டால் வீங்கும், காய்ந்தால் வெடிக்கும். அதில் பருத்தி நன்றாக வரும், சுவர் நிற்காது. சுண்ணாம்புச் சத்துள்ள வெளிறிய மண் சுவருக்கும் கூரைக்கும் இசைவானது. கோவில்பட்டி, அருப்புக்கோட்டைப் பக்கத்து வாசகர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கரிசலில் போட்ட அஸ்திவாரம் என்ன பாடு படுத்தும் என்று அவர்களுக்குத் தெரியும். விளைநிலத்தைப் பிளாட் போட்டு விற்கும் இந்தக் காலத்தில், நன்றாக விளைந்த மண் என்று சொல்லியே மனையை வாங்குகிறவர்கள் உண்டு. மனை வாங்க அது ஒரு சிபாரிசே அல்ல.

புனே நகரத்துக்குள் வந்தாலும் கதை இதேதான். ஷனிவார்வாடாவை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். முதலாம் பாஜிராவ் பேஷ்வா 1730 ஜனவரி 10-ம் தேதி அஸ்திவாரம் போட்டு 1732-ல் முடித்த மாளிகை. செலவு 16,110 ரூபாய் என்று கணக்கு இருக்கிறது. அதற்குத் தேக்கு ஜுன்னர் காட்டிலிருந்து வந்தது. கல் சிஞ்ச்வடிலிருந்து வந்தது. சுண்ணாம்பு ஜேஜுரியிலிருந்து. நம்மவர்கள் தினமும் பஸ் பிடித்து வேலைக்குப் போகும் அதே சிஞ்ச்வட்தான். இந்தியாவின் பெரும்பகுதியை ஆட்டி வைத்த பேஷ்வாக்களே வீட்டுக்குச் சாமான் வாங்க நூறு கிலோமீட்டருக்கு வெளியே போகவில்லை. 1828-ல் பிடித்த தீயில் மாளிகை எரிந்துபோய், இன்று மதிலும் மேடையும்தான் மிச்சம். மரத்தின் பலவீனம் அது. அதே மரம் நனையாமல், தீப்படாமல் இருந்தால் எவ்வளவு காலம் நிற்கும் என்பதற்குச் சாட்சி வேண்டுமானால் மளவலி ஸ்டேஷனில் இறங்கிக் கார்லா குகைக்கு ஏறிப் பாருங்கள். பெரிய சைத்தியத்தின் விதானத்தில் வளைவு வளைவாகப் பொருத்திய மரச்சட்டங்கள் ஏறக்குறைய 2 ஆயிரம் ஆண்டுகளாக அப்படியே இருக்கின்றன.

பேட்டைகளில் மிஞ்சியிருக்கும் வாடாக்களுக்குள் நுழைந்தால் கல்மேடை, தேக்குத் தூண், கனத்த சுவர், நடுவில் வானம் பார்த்த 'சௌக்'. நம் முற்றம் தான். ஏப்ரலில் பகல் 38, 39 டிகிரி போனாலும் புனேயில் விடியற்காலை குளிர்ந்துவிடும் அல்லவா? கனமான சுவர் அந்தக் குளிர்ச்சியை வாங்கி வைத்துக்கொண்டு மத்தியானம் வரை கொடுக்கும். பகலுக்கும் இரவுக்கும் வித்தியாசம் அதிகமுள்ள ஊரில் இந்த வித்தை நன்றாகப் பலிக்கும். சென்னை, நாகப்பட்டினம் மாதிரி இரவிலும் புழுங்கும் கடற்கரையில் சுவர் கனத்தைவிடக் காற்று ஓடும் வழியே முக்கியம். மாவளைப் பார்த்து அப்படியே காப்பியடிக்கக் கூடாது என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

இன்னொரு சங்கதி. இங்கே மண்பூச்சிலும் சுண்ணாம்பிலும் 'ஹிர்டா' ஊறவைத்த தண்ணீரையும் வெல்லத்தையும் சேர்ப்பார்கள். ஹிர்டா என்பது வேறொன்றுமில்லை, நம் கடுக்காய்தான். ஜுன்னர், அம்பேகாவ் மலைகளில் ஆதிவாசிகள் அதைப் பொறுக்கி விற்றுத்தான் வருஷத்தில் சில மாதம் ஜீவிக்கிறார்கள். செட்டிநாட்டுச் சுவருக்கும் நம் கோயில் மதிலுக்கும் சுண்ணாம்போடு கடுக்காயும் கருப்பட்டியும் சேர்த்து அரைத்த கொத்தனாரும் இவர்களும் ஒருவரை ஒருவர் பார்த்ததுகூட இருக்காது.

மண் கைவிட்ட நாட்கள்

இதையெல்லாம் படித்துவிட்டு மண்வீடே சொர்க்கம் என்று யாரும் கிளம்பிவிடக் கூடாது. மகாராஷ்டிரத்து ஜனங்கள் மண்ணை விட்டு சிமெண்டுக்கு ஓடியதற்கு வலுவான காரணங்கள் உண்டு.

1961 ஜூலை 12. கட்டி முடியும் தறுவாயில் இருந்த பான்ஷேத் அணை உடைந்தது. அந்த வெள்ளத்தைத் தாங்காமல் கடக்வாஸ்லா அணையும் உடைந்து, முட்டா ஆறு ஊருக்குள் புகுந்தது. ஆற்றங்கரைப் பேட்டைகளில் மண்சாந்தில் கட்டிய வாடாக்கள் மணிக்கணக்கில் தண்ணீரில் நின்று, கரைந்து, ஒன்றன்பின் ஒன்றாக உட்கார்ந்துவிட்டன. மேலிருந்து பெய்யும் மழையைக் கூரை தடுக்கும். கீழிருந்து தேங்கும் தண்ணீருக்கு மண்சுவரிடம் மருந்து கிடையாது.

1993 செப்டம்பர் 30 விடியற்காலை நடந்தது இதைவிடக் கொடுமை. லாத்தூர் ஜில்லா கில்லாரியை மையமாக வைத்து வந்த பூகம்பத்தில் ஆயிரக்கணக்கான ஜனங்கள் தூக்கத்திலேயே மாண்டார்கள். அவர்கள் குடியிருந்தவை கல்லும் மண்ணும் வைத்துக் கட்டிய வீடுகள். அன்று முதல் மண்வீடு என்றாலே எமன் வீடு என்ற பயம் இந்தப் பக்கத்தில் பரவிவிட்டது. புனேயில் வேலை பார்க்கும் லாத்தூர்க்காரர் யாரிடமாவது இன்றைக்கும் கேட்டுப் பாருங்கள்.

ஆனால் பிற்பாடு வந்து ஆராய்ந்த என்ஜினீயர்கள் சொன்னதைக் கவனிக்க வேண்டும். அந்தச் சுவர்கள் இரண்டு அடி, நாலு அடி கனம். உள்பக்கம் ஒரு வரிசைக் கல், வெளிப்பக்கம் ஒரு வரிசைக் கல், நடுவில் ஜல்லியும் மண்ணும். இரண்டு வரிசையையும் குறுக்கே இணைக்கும் நீளக் கல் வைக்கவில்லை. தலைக்கு மேலோ ஒன்று முதல் இரண்டு அடி கனத்துக்கு மண்கூரை. ஒழுகும்போதெல்லாம் பழையதைச் சுரண்டாமல் மேலே மேலே புது மண் போட்டு, வருஷா வருஷம் பாரம் ஏறியிருந்தது. நிலம் குலுங்கியதும் சுவர் இரண்டாகப் பிளந்து சரிந்தது. மரத் தூணும் உத்தரமும் ஒழுங்காகப் பொருத்திய வீடுகள் இவற்றைவிட நன்றாகத் தாங்கின. ஆகவே பிறகு செய்த பழுதுபார்ப்பில் கூரை மண்ணைக் குறைத்தார்கள், சுவருக்குக் குறுக்குக் கல் கொடுத்தார்கள், சுற்றிலும் பட்டை கட்டினார்கள். குற்றம் மண்ணைச் சேர்ந்ததா, கட்டிய முறையைச் சேர்ந்ததா என்றால் முறையைத்தான் சொல்ல வேண்டும். தாத்தா கட்டியபடி பேரன் கட்டியிருந்தால் இவ்வளவு பாரம் ஏறியிருக்குமா என்பது என் சந்தேகம்.

யார் மெழுகுவது?

காம்ஷேத் வீட்டு ஆஜியிடம் இந்த வீடு உங்களுக்குப் பிடித்திருக்கிறதா என்று கேட்டேன். "பிடித்திருக்கிறது. மருமகளுக்குப் பிடிக்கவில்லை" என்றார். மருமகள் வாயைத் திறக்கவில்லை. பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டே ஒரு பார்வை பார்த்தார். எட்டு நாளைக்கு ஒரு முறை சாணி மெழுகுவது யார், சுவரில் வெடிப்பு விழுந்தால் மண் குழைத்து அடைப்பது யார் என்பது அந்தப் பார்வையிலேயே விளங்கிவிட்டது. மண்வீட்டைப் புகழ்ந்து எழுதுகிறவர்கள், நான் உள்பட, பெரும்பாலும் மெழுகாதவர்கள். சிமெண்ட் தரை பெண்களின் முதுகை நிமிர்த்தியது என்பதை மறைத்து எழுதினால் அது பாதிக் கதைதான்.

மாடும் குறைந்துவிட்டது. உழ டிராக்டர் வந்ததும் கோட்டா காலி. சாணிக்குப் பக்கத்து வீட்டை நாட வேண்டியிருக்கிறது. குட்டை ரக நெல் வந்த ஊர்களில் வைக்கோலும் குட்டை, கூரை வேய நீளம் போதாது. கார்வி, மூங்கில், சட்டமரம் வெட்டக் காட்டு இலாகா கெடுபிடி. விவசாயம் மாறினால் அதன் பின்னாலேயே வீடும் மாறிவிடுகிறது.

சர்க்காரின் கணக்கு இன்னொரு பக்கம். மண்சுவர், ஓலைக்கூரை என்றால் சர்க்கார் பாஷையில் 'கச்சா' வீடு. 2016-ல் ஆரம்பித்த பிரதம மந்திரி கிராம வீட்டுத் திட்டத்தில் சமவெளிக்கு 1 லட்சத்து 20 ஆயிரமும் மலைப்பகுதிக்கு 1 லட்சத்து 30 ஆயிரமும் மானியம் என்று வைத்தார்கள். வாங்குகிற குடியானவன் கேள்வி கேட்காமல் செங்கல்லும் ஸ்லாபும் கட்டிவிடுகிறான். இத்தனைக்கும் அந்தந்தப் பிரதேசத்துச் சாமானில் உறுதியான வீடு கட்டலாம் என்று 'பஹல்' என்ற பெயரில் மாதிரி வரைபடத் தொகுப்பு ஒன்றை அதே திட்டத்துக்காகவே தயாரித்திருக்கிறார்கள். தாலுகா ஆபீசில் அதை எடுத்துக் காட்டுகிறவர் யார் என்பதுதான் கேள்வி.

சிமெண்ட் ஒன்றும் மந்திரத்தில் வருவதில்லை. சுண்ணாம்புக் கல்லை 1,450 டிகிரியில் வேகவைத்துத்தான் தயாராகிறது. உலகம் முழுவதும் மனிதர்கள் வெளியேற்றும் கரியமில வாயுவில் நூற்றுக்கு ஏழெட்டுப் பங்கு இந்த ஒரு தொழிலிலிருந்து என்கிறார்கள். அது உலகத்தின் கவலை. நம் கவலை, கையில் வரும் பணம் எங்கே போகிறது என்பது. சிமெண்ட் வீட்டில் பணம் மூட்டைக்கும் கம்பிக்கும் போய் ஊரைவிட்டு வெளியேறுகிறது. மண்வீட்டில் சாமான் செலவு குறைவு, கூலிதான் அதிகம். அந்தக் கூலி ஊருக்குள்ளேயே சுற்றும்.

புதிதாக இறங்கியவர்கள்

படித்த பிள்ளைகள் சிலர் இப்போது இதில் இறங்கியிருப்பது ஆச்சரியமான சேதி. புனேயின் துருவங் ஹிங்மிரே, பிரியங்கா குஞ்ஜிகர் ஆகிய கட்டடக் கலைஞர்கள் கல், மண், பழைய மரம் இவற்றைக் கொண்டே வீடுகள் கட்டிக் கொடுக்கிறார்கள். வேலைக்கு அந்தந்தக் கிராமத்து ஆட்களையே வைக்கிறார்கள். சாகர் ஷிருடே, யுகா ஆக்ரே என்ற இருவர் வாகேஷ்வர் கிராமத்தில் மூங்கிலும் செம்மண்ணும் புல்லும் வைத்து 'மிட்டி மஹல்' என்று இரண்டடுக்கு வீடு ஒன்றை 4 லட்சம் ரூபாய்க்குள் கட்டினார்கள். மழையில் கரைந்துவிடும் என்று கிராமத்தாரே எச்சரித்தார்களாம். 2021 மே மாதம் தவ்தே புயல் அடித்தது. வீடு நின்றது. பூச்சில் அவர்கள் சேர்த்தவற்றில் அதே ஹிர்டாவும் வெல்லமும் உண்டு.

நம் மாநிலம் இதில் பின்தங்கியதல்ல என்பதைப் பெருமையாகவே சொல்லலாம். விழுப்புரம் ஜில்லாவிலுள்ள ஆரோவில்லில் 1989 முதல் மண் கட்டட நிலையம் இயங்குகிறது. மண்ணோடு நூற்றுக்கு ஐந்து பங்கு அளவில் சிமெண்ட் சேர்த்து, இயந்திரத்தில் அழுத்திக் கல் அறுக்கிறார்கள். சூளை கிடையாது, விறகு கிடையாது. கொத்தனார்களுக்குப் பயிற்சியும் கொடுக்கிறார்கள். தென்கோடி ஜில்லாக்காரர்களுக்குக் கேரளம் பக்கம். இங்கிலாந்தில் பிறந்து திருவனந்தபுரத்தில் வாழ்ந்து 2007-ல் மறைந்த லாரி பேக்கரின் வழியில் 1985-ல் தொடங்கிய காஸ்ட்போர்ட் அங்கே இருக்கிறது. செங்கல்லை நிறுத்தி வைத்து நடுவில் இடைவெளி விட்டுக் கட்டும் சுவர், ஸ்லாபுக்குள் பழைய ஓட்டைப் புதைத்துக் கான்கிரீட்டைக் குறைக்கும் கூரை, இவையெல்லாம் பேக்கர் பரப்பிய முறைகள். இரண்டிலும் சாமான் குறையும், சூடும் குறையும். எறிந்துவிடப் போகிறோம் என்கிற அந்தப் பழைய ஓட்டுக்கு இங்கே ஒரு வேலை இருக்கிறது என்பதைக் கவனியுங்கள்.

ஊரில் என்ன செய்வது

முழு மண்வீடு கட்டுங்கள் என்று நான் யாருக்கும் சொல்லவில்லை. பாத்ரூம், சமையல் மேடை, தரை இவற்றுக்கு சிமெண்ட் போடுங்கள். வீட்டுப் பெண்களை முதலில் கேளுங்கள். ஆனால் இடிக்கும் கான்ட்ராக்டரிடம் சாவியைக் கொடுக்குமுன், பழைய வீட்டுத் தேக்கு நிலையையும் உத்தரத்தையும் ஒரு தச்சரை வைத்துத் தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். செல்லரிக்காத மரம் இன்றைய விலையில் பெரிய சொத்து. மங்களூர் ஓடாக இருந்தால் உடையாமல் இறக்கி அடுக்கி வைக்கலாம். மொட்டை மாடிதான் வேண்டும் என்றால், வெயில் விழும் பாதியிலாவது மேலே ஓட்டுக் கொட்டகை போட்டால் ஸ்லாப் கொதிக்காது. தாழ்வாரத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள். இரண்டரை அடி இறங்கி நிற்கும் கூரைதான் சுவருக்குக் குடை. சுவர் நனையாமல் இருந்தால் மண் என்ன, செங்கல் என்ன, பெயிண்ட் என்ன, எல்லாம் நீடிக்கும். வெள்ளம் தேங்கும் தாழ்ந்த மனையானால் மண்சுவர் யோசனையை அங்கேயே விட்டுவிட வேண்டும்.

மண் சரியா என்று பார்க்க ஒரு சின்ன சோதனை உண்டு. செலவில்லாதது. அடுத்த லீவில் ஊருக்குப் போகிறவர்கள் செய்து பார்க்கலாம். மேல்மண்ணை இரண்டடி தள்ளிவிட்டு, கீழே இருந்து ஒரு கை மண் எடுங்கள். கண்ணாடிப் பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு அந்த மண், மீதிக்குத் தண்ணீர், ஒரு சிட்டிகை உப்பு. மூடி நன்றாகக் குலுக்கி, அசையாத இடத்தில் வைத்து, மறுநாள் வரை தொடாமல் விடுங்கள். மணலும் பொடிக்கல்லும் முதலில் அடியில் படியும், அதன் மேல் வண்டல், எல்லாவற்றுக்கும் மேலே களி. அழுத்திய மண்கல்லுக்கு ஆரோவில்காரர்கள் சொல்லும் அளவு: பொடிக்கல் நூற்றுக்கு 15, மணல் 50, வண்டல் 15, களி 20. சுமாராக இதற்குப் பக்கத்தில் இருந்தால் உங்கள் மனையில் தோண்டும் மண்ணே சுவருக்கு உதவும். களி பாதிக்கு மேல் நின்றால் அது பயிர் மண். அதில் மணல் கலக்காமல் சுவர் எழுப்பக் கூடாது.